காட்டுமாடு குறுக்கே வந்தது

அது காட்டுமாடுதான். ஐம்பது வருடங்களாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்ததும், "இன்னும் அந்த மாட்டை விடலையா?" என்று சிரிக்கிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். விடவில்லை. விடப்போவதும் இல்லை. உங்களுக்கும் என் வயதுதான். முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு, கண்ணாடியைத் தேடிக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள். சிறு வயதில் நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றைப் பெரியவர்கள் "நீ பார்க்கவில்லை" என்று சொல்லி வாயை அடைத்திருந்தால், நான் ஏன் விடவில்லை என்று உங்களுக்குப் புரியும்.

நான் பிறந்தது பினாங்கில். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவர் போடிநாயக்கனூர்க்காரர். இருபது வயதில் கப்பலேறிப் போய், அங்கே மளிகைக்கடை வைத்தவர். அம்மா பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். அதனால் அம்மாவுக்கும் எனக்கும் ஐந்து வயதுத் தம்பிக்கும் போடிதான் வெளிநாடு. எனக்குப் பதினோரு வயதானபோது, பள்ளிக்கூட ஆண்டிறுதி விடுமுறையில், கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினோம். அங்கிருந்து ரயிலும் பஸ்சுமாக மாறி மாறி ஏறி, இடுப்பொடிந்து போடிக்கு வந்து சேர்ந்தோம்.

அத்தாவின் அண்ணன், எங்கள் பெரியத்தா, ஏலக்காய் வியாபாரி. அவரிடம் சொந்தமாக ஒரு ஜீப் இருந்தது. தம்பி குடும்பத்துக்கு மூன்று வாரம் மலையெல்லாம் சுற்றிக்காட்டுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். அவர் முடிவு செய்தால் செய்ததுதான். அந்த வீட்டில் வேறு யாரும் முடிவு செய்து நான் பார்க்கவில்லை.

என்னிடம் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருந்தது. போகிற இடத்தில் பார்க்கும் பிராணிகளை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் எங்கள் வகுப்பு டீச்சர். போடியில் இறங்கிய அன்றே இரண்டு பக்கம் நிரம்பிவிட்டது. சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும் ஆடு. ஏலக்காய்க் கடை வாசலில் மூட்டைமேல் ஏறித் தூங்கும் பூனை. அதைத் தூக்கி முகர்ந்தேன், ஏலக்காய் வாசம் அடித்தது. குதிரையா கழுதையா என்று சொல்ல முடியாத ஒன்று, இரண்டு பக்கமும் மூட்டை தொங்க, யாரும் ஓட்டாமலே தெருவைக் கடந்து போனது. எல்லாவற்றையும் எழுதினேன். மனிதர்களையும் எழுதினேன். முறத்தில் ஏலக்காயைப் பரப்பி, பேசிக்கொண்டே, கண்ணால் பார்க்காமலே விரலால் தரம் பிரிக்கும் பெண்கள். விடிவதற்கு முன்பே ஒரு ஜீப்பில் இருபது பேராக நெருக்கியடித்து, தூக்குச்சட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்கள்.

பெரியத்தாவின் ஜீப்பை ஓட்டியவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லி. காக்கிச் சட்டை, கழுத்தில் ஈரிழைத் துண்டு. அவரும் விடியுமுன்னே ஒரு நடை ஆட்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் எங்களை ஏற்றிக்கொள்ள வருவார். அவரை எல்லாரும் டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான் சொல்லப்போகிறேன்.

ஜீப்பில் உட்காருவதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. டிரைவருக்குப் பக்கத்தில் முன்சீட்டு பெரியத்தாவுக்கு. பின்னால் எதிரெதிராக இரண்டு பலகைகள். ஒன்றில் அத்தா, அவர் மடியில் தம்பி. மற்றதில் அம்மாவும் நானும். அம்மாவுக்கு வளைவில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். ஒரு தகர டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டே வருவாள். மலையைப் பார்க்க வந்தவள், பாதி நாள் டப்பாவைத்தான் பார்த்தாள். நான் முன்சீட்டுகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் முகத்தை வைத்துக்கொள்வேன். எனக்குத்தான் ரோடு முழுக்கத் தெரியும்.

இரண்டாம் நாளே சண்டை வந்தது. "மரத்துல ஒரு அணில்! பூனை அளவு இருக்கு! மூணு கலர்ல இருக்கு!" என்று கத்தினேன்.

பெரியத்தா திரும்பாமலே சிரித்தார். "பூனை அளவுக்கு அணிலா? உன் மக நல்லாக் கதை கட்டுறாப்பா."

அத்தாவும் சிரித்தார். அண்ணன் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

"இல்ல மொதலாளி, பாப்பா சொல்றது நெசந்தான். மலை அணிலு. இங்கன நெறையக் கெடக்கு" என்றார் டிரைவர். வண்டியை மெதுவாக்கி, கையை வெளியே நீட்டிக் காட்டினார். மரக்கிளையில், கறுப்பும் செம்பழுப்பும் சந்தன நிறமுமாக, வாலைத் தொங்கவிட்டு அது உட்கார்ந்திருந்தது. பெரியத்தா அதைப் பார்த்தார். "ம், வெரசாப் போ" என்றார். கதை கட்டுகிறாள் என்று சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து டிரைவர் எனக்காக ஓட்டினார் என்றே நினைத்துக்கொண்டேன். எங்காவது எதையாவது பார்த்தால் ஹாரனை அடிக்காமல், ஸ்டியரிங்கில் இரண்டு விரலால் தட்டுவார். நான் உடனே பார்ப்பேன். கருமந்தி, கீரி, முதுகில் குட்டியோடு போகும் குரங்கு. நோட்டு நிரம்பிக்கொண்டே வந்தது.

இனி என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். ஒளிக்கவில்லை. போடிமெட்டுச் செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது, தம்பி விடாமல் அழுதுகொண்டிருந்தான். அவனை அடக்குவதற்காக, "அங்க புதருக்குள்ள புலி! நான் பார்த்தேன்!" என்று சொன்னேன். அவன் அழுகையை நிறுத்தினான். ஆனால் செக்போஸ்ட்டில் நின்ற நாலைந்து பேரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். ஒருவர் கையில் கம்பு வேறு. கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் திரும்பி வந்து பெரியத்தாவைப் பார்த்த பார்வையில் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று வாரத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். ஒன்று போதுமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம், மேலே ஒரு தோட்டத்தில் சாப்பிட்டுவிட்டு இறங்கினோம். போடியில் யாரோ வியாபாரி காத்திருக்கிறார் என்று பெரியத்தா அவசரப்பட்டார். டிரைவரைச் சாப்பிடக்கூட விடவில்லை. "கீழ போயி சாப்பிட்டுக்கலாம், வண்டிய எடு" என்றார். எடுத்த கொஞ்ச நேரத்தில் முன்சீட்டில் பெரியத்தாவின் தலை தொங்கிவிட்டது, குறட்டை கேட்டது. தம்பி தூங்கினான். அம்மா டப்பாவைப் பிடித்தபடி குனிந்திருந்தாள். அத்தா கண்ணை மூடியிருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

லேசான மூடுபனி. இடது பக்கம் மேடு, ஏலத்தோட்டம். ஒரு வளைவைத் திரும்பியதும் அந்த மேட்டிலிருந்து ஒரு கறுப்புப் பாறை உருண்டு வருவது போல இறங்கியது. பாறைக்குக் கால் இருந்தது. முட்டிக்குக் கீழே நாலு காலும் வெள்ளை, பள்ளிக்கூடத்துக்குக் காலுறை போட்டுக்கொண்ட மாதிரி. தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது.  டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி மேட்டுச் சரிவில் போய் மோதி, சாய்ந்து நின்றது. வலது பக்கம் ஒடித்திருந்தால் பள்ளம். இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அம்மாவின் மணிக்கட்டு பிசகிவிட்டது. தம்பி அலறினான். டிரைவர் எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராக இறக்கிவிட்டு, தன் துண்டைக் கிழித்து அம்மாவின் கையைக் கட்டினார். பெரியத்தா நெற்றியில் வீக்கத்தோடு இறங்கினார். நசுங்கிக் கிடந்த வண்டியின் மூக்கைப் பார்த்தார்.

"தூங்கிட்டியாடா?"

"இல்ல மொதலாளி. காட்டுமாடு. சட்டுனு குறுக்க வந்துருச்சு."

"எங்க மாடு? காட்டு பாப்போம்."

ரோட்டில் பனிதான் இருந்தது.

"விடியமுன்னயே எந்திரிச்சு வர்றான், கண்ணு சொக்கிருச்சு. அதச் சொல்றதுக்கு என்ன? மத்தியானத்துல காட்டுமாடு ரோட்டுக்கு வருதாம்!"

"பெரியத்தா, நான் பார்த்தேன். கறுப்பா, காலு மட்டும் வெள்ளையா..." என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபம்கூட இல்லை. "நேத்துப் புலியப் பாத்தவதான நீ?"

அத்தாவைப் பார்த்தேன். "சும்மா இரும்மா" என்றார். "நான் தூங்கிட்டுல்ல இருந்தேன், என்ன நடந்துச்சுன்னு தெரியலைண்ணே" என்று அண்ணனிடம் சொன்னார்.

பெரியத்தா கையை நீட்டினார். டிரைவர் சாவியைக் கொடுத்தார்.  எங்களை வேறொரு ஜீப்பில் ஏற்றிவிட்டு, அவர் போடிவரை நடந்தே இறங்கினார்.

இரண்டே நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. தூங்கி வண்டியை விட்டவன், பிள்ளைகுட்டிகளைக் கொல்லப் பார்த்தவன். ஜீப் ஸ்டாண்டில் யாரும் அவருக்கு வண்டி தரவில்லை. பெரியத்தா வண்டியைச் சரிசெய்து வேறு ஆளைப் போட்டார். "நாளைக்குத் தேக்கடி" என்றார்.

"நான் வரல" என்றேன்.

எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர்கூட இருந்தார்கள். "அந்த டிரைவர் வந்தாத்தான் ஜீப்புல ஏறுவேன். அவர் தூங்கல. பெரியத்தாதான் தூங்குனாங்க."

அத்தா எழுந்து வந்து கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அடித்ததே இல்லை. நான் அழவில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. மறுநாள் காலை ஜீப் வாசலில் வந்து நின்றபோது, தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தாவும் பெரியத்தாவும் தம்பியை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். கை வீங்கியிருந்ததால் அம்மாவும் போகவில்லை.

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அம்மா என்னை முன்னால் உட்காரவைத்தாள். "நெசத்தச் சொல்லு. அது எப்படி இருந்துச்சு?"

சொன்னேன். முதுகில் இருந்த திமில். உள்பக்கம் வளைந்த கொம்பு. வெள்ளைக் கால்.

"யாராவது சொல்லிக் குடுத்தாங்களா? படத்துல பாத்தியா?"

"இல்லம்மா."

 அம்மா எழுந்து, ஒற்றைக் கையால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அந்த எடம் உனக்கு அடையாளம் தெரியுமா?" என்றாள்.

பினாங்கில் அம்மா தனியாகச் சந்தைக்குக்கூடப் போனதில்லை. அன்று, பாஷை பாதி புரியாத ஊரில், கையில் கட்டோடு, என்னையும் இழுத்துக்கொண்டு மெட்டுக்குப் போகும் பஸ்சில் ஏறினாள். டப்பாவை மறந்துவிட்டாள். வளைவுக்கு வளைவு முகம் வெளுத்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தாள். "இங்கதாம்மா" என்றதும் பஸ்சை நிறுத்தச் சொன்னாள். "இங்க எறங்கி என்ன பண்ணப் போறீங்க? ஊரு ஒண்ணும் கெடையாதே" என்றார் கண்டக்டர். "சோலி இருக்கு" என்றாள் அம்மா. போடிக்கு வந்து கற்றுக்கொண்ட சொல் அது.

ஜீப் மோதிய இடத்தில் மண் சரிந்து கிடந்தது. அதற்குப் பத்தடி தள்ளி, மேட்டில், ஈரமண்ணில் குளம்புத் தடம். என் இரண்டு உள்ளங்கையும் சேர்ந்த அளவு. நோட்டை அதன் பக்கத்தில் வைத்து, அதே அளவில் வரைந்தேன். மேலே ஏலச்செடிகளுக்கு நடுவே மூன்று பெண்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செடியின் அடியில் காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களிடம் கேட்டாள்.

"காட்டுமாடா? ஒரு வாரமா இதுக்குள்ளதான ஆத்தா கெடக்கு. ஒத்த மாடு. செடியப் பூராம் மிதிச்சு வச்சிருக்கு பாருங்க" என்றாள் ஒருத்தி. "அன்னைக்கு மத்தியானமும் ரோட்டுப் பக்கமா எறங்குச்சு. கொஞ்ச நேரத்துல டமார்னு சத்தங் கேட்டுச்சு. நாங்க பயந்துக்கிட்டு வரல."

அம்மா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வாந்தி வரப்போகிறதோ என்று நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். "அவரு என் கையக் கட்டிவிட்டாரு. நான் ஒரு வார்த்தை பேசல" என்றாள்.

சாயங்காலம் பெரியத்தா திரும்பி வந்ததும் நோட்டை நீட்டினேன். அம்மா தோட்டத்துப் பெண்கள் சொன்னதைச் சொன்னாள். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "எருமைக் கொளம்பு" என்று கட்டிலில் போட்டார். "வீட்டுப் பொம்பளைங்க பஸ்சேறிப் போயி மாட்டுத் தடத்தைத் தேடிட்டு வந்திருக்காக. வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்க." அத்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. பிற்பாடு பினாங்கு வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்தபோது ஊறிப் போய்விட்டது. எருமையின் குளம்பை அதற்கப்புறம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது எருமை இல்லை.

"வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்களா?" என்று அம்மா என்னிடம் மட்டும் கேட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு, நேராக ஜீப் ஸ்டாண்டுக்குப் போனாள்.

பதினைந்து ஜீப்புகள் நின்றன. டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நம் டிரைவர் ஓரத்தில் யாருடைய வண்டிக்கோ மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா நடுவில் போய் நின்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அந்த வண்டியில நான் இருந்தேன். இது என் மக. இவர் தூங்கல. காட்டுமாடு குறுக்க வந்துச்சு, என் மக பாத்தா. நான் நேத்துப் போயித் தடத்தப் பாத்துட்டு வந்தேன். என் கை பிசகுனது இவராலயில்ல. என் புள்ளைங்க உசுரோட இருக்கதுதான் இவரால."

யாரும் சிரிக்கவில்லை. வயதான ஒரு டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அது மாடு தாண்டுற எடந்தான்னு எங்களுக்கும் தெரியும் தாயி. மொதலாளி சொல்லும்போது நாங்க என்னத்தப் பேசுறது?"

"இப்பப் பேசுங்க" என்றேன் நான். அம்மா என்னை அடக்கவில்லை.

 அந்த வயதானவரே தன் சாவியை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். "இந்தாப்பா. ஒரு வாரத்துக்கு நீ ஓட்டு. எனக்கு இடுப்பு வலி."

"நாளைக்கு நாங்க குரங்கணி போகணும்" என்றாள் அம்மா. "நீங்கதான் ஓட்டணும்ணே."

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டிரைவர் அந்த ஸ்டாண்டிலேயே நிலைத்துவிட்டார். புது ஆள் சரியில்லை என்று இரண்டு மாதம் கழித்துப் பெரியத்தா திரும்பக் கூப்பிட்டனுப்பினாராம். "இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினாராம் இவர். பெரியத்தா தன்மேல் தவறு என்று யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தா எண்பத்து மூன்று வயதுவரை இருந்தார். தன் அண்ணனிடம் அவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. செத்துப்போனவரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அவர்மேல் எனக்கு உயிர். மன்னிப்பது வேறு.

ஆனால் குரங்கணி போன அந்தக் காலையையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜீப் தெருவில் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெரியத்தா உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை. அம்மா தம்பியைத் தூக்கிப் பின்னால் விட்டாள். என்னை ஏறச் சொன்னாள். அப்புறம் சுற்றிக்கொண்டு போய், முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அத்தா வாசல்படியிலேயே நின்றார். "ஏங்க, வர்றீங்களா?" என்றாள் அம்மா, திரும்பாமல். அத்தா படியைவிட்டு இறங்கவில்லை. "போகலாம்ணே" என்றாள். வண்டி நகர்ந்து தெருமுனை வரை போயிருக்கும். நான் பின்னால் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் கத்துவதற்கு முன்பே டிரைவர் பிரேக் போட்டார். முன்சீட்டைப் பார்த்துத் தயங்கி நின்ற அத்தாவிடம், "பின்னால எடம் இருக்கு" என்றாள் அம்மா.

அவர் என் எதிரே உட்கார்ந்தார். ஆறு, மாந்தோப்புகள், மூட்டை சுமக்கும் குதிரைகள் எல்லாம் போயின. டிரைவரின் இரண்டு விரல் ஸ்டியரிங்கில் தட்டியது. பாறைமேல் ஒரு மயில். அம்மா முதல்முறையாக அதை முன்னாலிருந்து பார்த்தாள். டப்பா இல்லை, தலை குனியவுமில்லை.

மேடு ஏறும்போது அத்தா என் பக்கம் சாய்ந்தார். இன்ஜின் சத்தத்துக்குள் அவர் குரல் பாதிதான் கேட்டது.

"அன்னைக்கு நானும் பாத்தேம்மா. அந்த மாட்ட."

அவர் அடித்த கன்னம் அப்போதுதான் எரிந்தது. அவர் என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. சத்தமாச் சொல்லுங்கத்தா. முன்னால கேக்கல."

அவர் தம்பியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, கடையில் வேலையாட்களைக் கூப்பிடும் குரலில் சொன்னார்: "அன்னைக்கு நான் தூங்கல. நானும் பாத்தேன்."

 டிரைவர் கியரை மாற்றி, வளைவைத் திரும்பி முடித்தார். தலைக்கு மேலே தொங்கிய சின்னக் கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது.

"தெரியும் சின்ன மொதலாளி" என்றார். "அந்த வளைவத் திரும்புறதுக்கு முன்ன, புள்ளைக கெட்டியா உக்காந்திருக்கான்னு கண்ணாடியில பாத்தேன். உங்க கண்ணு தெறந்துதான் இருந்துச்சு."